ஆண்குழந்தைகளுக்கான விவிலியக் குறும்பெயர்கள்: எழுத்து, விளி, பொருள் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் ஆண்குழந்தைக்கு விவிலியப் பெயர் இடுவது நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலத்தில் அப்பெயர் சுருக்கமாகவும் அமைய வேண்டும் என்னும் விருப்பம் மிகுந்துள்ளது. குறும்பெயர்களின் தமிழ் வடிவம் எவ்வாறு அமைந்துள்ளது, மொழிமுதல், மொழியிறுதி, விளி ஆகியவை பற்றிய இலக்கண வரையறைகளோடு அது எவ்வாறு பொருந்துகிறது, தமிழ்ச் செவிக்கு அது என்ன பொருளைத் தருகிறது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நான்கு எழுத்துக்கு மேற்படாத 30 பெயர்கள் சான்றாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: விவிலியப் பெயர்கள், பெயரிடல், மொழிமுதல், மொழியிறுதி, விளிமரபு, திருவிவிலியம், ஒலிபெயர்ப்பு

முன்னுரை

ஒரு குழந்தைக்குப் பெயரிடுவோர் அதன் பொருளை ஆராய்கின்றனர். ஓசையைச் சொல்லிப் பார்க்கின்றனர். விவிலியப் பெயரைத் தேர்வோர்க்கு மூன்றாவதாக ஒரு வினாவும் எழுகிறது. தேர்ந்த பெயரை எந்த வடிவில் வழங்குவது என்பதே அவ்வினா. எபிரேயத்தில் ஒன்றாக உள்ள பெயர் தமிழில் மூன்று நான்கு வடிவங்களில் வழங்குகிறது. யோவான், அருளப்பன், ஜான் ஆகிய மூன்றும் ஒரே பெயரின் வடிவங்கள். யாக்கோபு, யாகப்பன், சந்தியாகு, ஜேம்ஸ் ஆகிய நான்கும் அவ்வாறே. பெற்றோர் தேர்வது பெயர் ஒன்றை மட்டுமன்று. அப்பெயர் தமிழுக்குள் வந்த வழி ஒன்றையும் அவர்கள் தேர்ந்துகொள்கின்றனர்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஜோயல் எனப் பெயர்பெற்ற சிறுவன் தமிழ் விவிலியத்தைத் திறந்தால் அங்குத் தன் பெயரைக் காண்பதில்லை. யோவேல் என்னும் பெயரையே காண்கிறான். சைலஸ் என்பவன் சீலாவையும், கேலப் என்பவன் காலேபையும் தன் பெயர் என ஒருவர் சொல்லித் தந்தாலன்றி அறியான். விவிலியத் தொடர்பு வேண்டியே இடப்பட்ட பெயர், குழந்தை வாசிக்கும் விவிலியத்திலிருந்தே விலகி நிற்கும் முரண் இங்கு உள்ளது.

பெயர்கள் வந்த மூன்று வழிகள்

முதல் வழி ஒலிபெயர்ப்பு. சீர்திருத்தச் சபையார் மொழிபெயர்ப்புகளில் இவ்வழியே மேலோங்கியது. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி நிறைவுற்றது. அதன்பின் பப்ரிசியஸ் முதலியோர் வழியே வளர்ந்த மரபு 1871ஆம் ஆண்டுத் திருப்புதலில் நிலைபெற்றது. நோவா, யோபு, லேவி, மாற்கு, பவுல் போன்ற வடிவங்கள் இம்மரபில் வேரூன்றியவை.

இரண்டாவது வழி பொருள்பெயர்ப்பு. இது கத்தோலிக்க மரபில் செழித்தது. யோவான் என்னும் பெயர்க்கு எபிரேயத்தில் ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்பது பொருள். அதனைத் தழுவி அருளப்பன் என்னும் பெயர் அமைந்தது. பவுல் என்பதன் இலத்தீன் மூலம் ‘சிறிய’ என்னும் பொருளுடையது. அதிலிருந்து சின்னப்பன் பிறந்தது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் இவ்வழியை இலக்கியத் தரத்திற்கு உயர்த்தினார். யோசேப்பு என்னும் பெயர் ‘மேலும் சேர்ப்பாராக’ என்னும் பொருளது. அதற்கு இயைய அவர் தம் காப்பியத் தலைவனை வளன் என்றார். திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றார். வளன் என்பது மூன்றெழுத்துப் பெயர். விவிலியப் பெயர் ஒன்றின் பொருள் சிதையாமலும் தமிழ் ஓசை குன்றாமலும் சுருங்க அமைந்ததற்கு இதனினும் சிறந்த சான்று காண்பது அரிது.

மூன்றாவது வழி ஐரோப்பிய மொழிகளின் ஊடாக வந்தது. போர்த்துக்கீசியர் காலத் தொடர்பால் சூசை, சந்தியாகு போன்ற வடிவங்கள் கடற்கரை ஊர்களில் வேரூன்றின. சந்தியாகு என்பதன் முதற்பகுதியே ‘புனித’ என்னும் பொருளுடையதாதலின் அடைமொழியும் பெயரும் அதில் ஒன்றாகிவிட்டன. பின்னர் ஆங்கிலத் தொடர்பால் ஜான், ஜேம்ஸ், பீட்டர், மார்க் முதலியன பரவின. இன்று விரும்பப்படும் குறும்பெயர்களில் பல இவ்வாங்கில வழியின் தொடர்ச்சியே.

இம்மூன்று வழிகளும் சபைப் பிரிவின் அடையாளங்களாகவும் நெடுங்காலம் விளங்கின. அருளப்பன், இராயப்பன், சின்னப்பன் என்றால் கத்தோலிக்கர் என்றும், யோவான், பேதுரு, பவுல் என்றால் சீர்திருத்தச் சபையார் என்றும் கேட்ட அளவிலேயே உணரப்பட்டது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தபோது யோவான், பேதுரு, பவுல் ஆகிய வடிவங்களே ஏற்கப்பட்டன. அதன் விளைவாகப் பழைய பொருள்பெயர்ப்புப் பெயர்கள் தம் மூலநூல் ஆதாரத்தை இழந்தன. நற்செய்தி நூலின் தலைப்பாக அருளப்பர் என்னும் பெயரைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அருளப்பன் விவிலியப் பெயர். இன்றைய குழந்தைக்கு அது பாட்டனின் பெயர் மட்டுமே.

பெயரிடலின் திருச்சபை, அரசு விதிகள்

கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, திருமுழுக்கில் புனிதர் பெயரை இட வலியுறுத்தியது. பெற்றோர் இசையாவிடில் அருட்பணியாளர் ஒரு புனிதர் பெயரைச் சேர்த்துப் பதியுமாறும் பணித்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்போ கிறித்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் இடப்படாதவாறு பார்த்துக்கொள்ளுமாறு மட்டும் கூறுகிறது. எனவே தூய தமிழ்ப் பெயர், விவிலியப் பெயர், புனிதர் பெயர் ஆகிய மூன்றுக்கும் இன்று இடமுண்டு.

அரசுப் பதிவில், 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பெயரின்றியே பிறப்பைப் பதியலாம். பெயரை 12 மாதத்திற்குள் கட்டணமின்றியும், 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்க்க விதிகள் இடமளிக்கின்றன. ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது எளிதன்று. ஆதலால் வடிவம் பற்றிய தெளிவு பதிவுக்கு முன்னரே வேண்டப்படுகிறது.

சான்றுப் பெயர்கள்

1871ஆம் ஆண்டு மரபின் எழுத்துவடிவைக் கொண்டு, இங்கு ஆராயப்படும் 30 பெயர்கள் ஈற்றெழுத்து நோக்கிப் பின்வருமாறு பகுக்கப்படுகின்றன.

அ) ஆகார ஈறு (8): நோவா, யோனா, மீகா, ஆசா, யூதா, எஸ்றா, லூக்கா, சீலா.
ஆ) இகர ஈறு (2): ஏலி, லேவி.
இ) உகர ஈறு (6): யோபு, லோத்து, மாற்கு, தீத்து, பேதுரு, யாக்கோபு.
ஈ) லகர ஈறு (3): ஆபேல், யோவேல், பவுல்.
உ) பிற மெல்லின, இடையின ஈறு (5): யோவான், நாத்தான், தாண், நாகூம், ஆசேர்.
ஊ) வல்லின, கிரந்த மெய் ஈறு (6): சேத், காத், காலேப், ஓபேத், ஆமோஸ், போவாஸ்.

மொழிமுதலும் மொழியிறுதியும்

பிறமொழிச் சொல் தமிழில் வழங்கும்போது அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வர வேண்டும் என்பது தொல்காப்பிய எச்சவியல் வடசொற்குக் கூறும் நெறி. அந்நெறியை விவிலியப் பெயர்களுக்கும் விரித்துக்கொள்ளலாம்.

மொழிமுதலில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. ஒன்று லகரம். லூக்கா, லேவி, லோத்து ஆகிய மூன்றும் லகரத்தில் தொடங்குகின்றன. நன்னூல் கூறும் வடமொழியாக்க நெறிப்படி லகரத்தின் முன் இகரமோ உகரமோ வரவேண்டும். ஆனால் இலூக்கா என எழுதினால் பெயர் நீள்கிறது. குறுமையே நோக்கமாயின் இவ்விதி நோக்கத்திற்கு மாறாகிறது. மற்றொன்று யகரம். தொல்காப்பியம் ஆகாரத்தோடு கூடிய யகரத்தை மட்டுமே மொழிமுதலாகக் கொள்கிறது. அவ்வளவையில் யாக்கோபு ஒன்றே தேறும். நன்னூல் அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ ஆகிய ஆறு உயிர்களோடும் யகரத்தை ஏற்றலின் யோனா, யோபு, யோவான், யோவேல், யூதா ஆகிய ஐந்தும் அதன்படி வழுவற்றன. ஜகரம் வேண்டாதே இப்பெயர்கள் எபிரேய யகரத்தை நேராகக் காட்டுகின்றன. ஜோயல், ஜோனா என்பன மூலத்திற்கு நெருங்கியவை என்னும் எண்ணம் சரியன்று. யோவேல், யோனா என்பனவே மூல ஒலிக்கு அணுக்கமானவை.

மொழியிறுதியில் வல்லினமெய் நில்லாது. ஆதலால் ஆறாம் பகுப்பில் உள்ள பெயர்கள் அனைத்தும் வரம்புக்குப் புறம்பானவை. பொது மொழிபெயர்ப்பு இவற்றுள் பலவற்றை உகரம் பெய்து சேத்து, காலேபு, ஓபேது, போவாசு எனத் திருத்தியது. எனினும் ஆமோஸ் என்பது அவ்வாறே விடப்பட்டது. வழக்கின் வலிமையை விதி முற்றிலும் வென்றுவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

மொழியிடையில் வல்லெழுத்து ஒற்றையாக வரின் மென்மையாகவும் இரட்டித்து வரின் வன்மையாகவும் ஒலிக்கும். யோபு, ஆபேல் என்பவற்றில் பகரம் மென்மையாக ஒலித்தல் மூலத்திற்கு ஒத்தது. லூக்கா, யாக்கோபு என்பவற்றில் ககரம் இரட்டித்தது வன்மை காக்கவே. ஆனால் பேதுரு என்பதில் தகரம் மென்மையுற்று, கிரேக்க மூலத்தின் வன்மையை இழந்தது. 1871ஆம் ஆண்டு மரபு மீகா என்றதைப் பொது மொழிபெயர்ப்பு மீக்கா என்கிறது. எபிரேயத்தில் அவ்வொலி உரசொலியாதலின் மீகா என்னும் வடிவுக்கும் நியாயம் உண்டு. குழந்தைக்கு இப்பெயரை இடுவோர் எழுத்துக்கூட்டை முன்னரே முடிவுசெய்யாவிடில், பள்ளிப் பதிவேட்டில் ஒன்றும் திருமுழுக்குப் பதிவேட்டில் மற்றொன்றுமாக அமைந்துவிடும்.

விளி நோக்கு

பெயர் எழுதப்படுவதினும் மிகுதியாக அழைக்கப்படுகிறது. ஆதலால் பெயர்த் தேர்வில் விளியை நோக்குதல் இன்றியமையாதது. தொல்காப்பிய விளிமரபு, உயர்திணைப் பெயர்களில் இ, உ, ஐ, ஓ என்னும் நான்கு உயிரீறுகளும், ன், ர், ல், ள் என்னும் நான்கு மெய்யீறுகளும் விளியேற்கும் என்கிறது. ஈற்றெழுத்தளவில் இதனைப் பொருத்திக் காண, 30 பெயர்களுள் 14 பெயர்கள் விளியேற்பன. 16 பெயர்கள் அவ்வரையறைக்குப் புறம்பானவை.

விளியேற்பனவற்றுள் லேவி, ஏலி என்பன இகரம் ஈகாரமாக நீண்டு லேவீ, ஏலீ என்றாகும். யோபு, மாற்கு என்பன ஏகாரம் பெற்று யோபே, மாற்கே என்றாகும். யோவேல், ஆபேல் என்பவற்றில் ஈற்றயல் நெடிலாதலின் அவை இயல்பாகவே விளியாகும். யோவான் என்பதும் ஆன் ஈறாதலின் தொல்காப்பிய நெறிப்படி இயல்பாகும். யோவானே என்பது பிற்கால வழக்கு. இவ்வியல்பு விளி வீட்டு வழக்கிற்கு ஏற்றது: எழுதும் பெயரும் அழைக்கும் பெயரும் வேறுபடாமல் நிற்கும்.

புறம்பாவனவற்றுள் பாதி ஆகார ஈற்றுப் பெயர்கள். இன்று பெரிதும் விரும்பப்படுவன இவையே. இவற்றைப் பற்றி இரு கருத்துகள் கூறத் தகும். முதலாவது, தமிழ்ச் செவியில் ஆகார ஈறு இரு வேறு வகையில் பதிந்துள்ளது. கீதா, லதா போன்ற வடமொழிவழிப் பெயர்களால் அது பெண்பால் ஈறாக உணரப்படுகிறது. கண்ணா, முருகா என்னும் விளிகளால் அன் ஈற்று ஆண்பெயரின் அழைப்பு வடிவாகவும் உணரப்படுகிறது. ஆகவே யோனா, சீலா போன்றவை எழுத்தில் பெண்பெயர் போலத் தோன்றினும், அழைக்கும்போது ஆண்பெயர் விளியோடு ஒத்து இயல்பாக அமைகின்றன. இரண்டாவது, வேற்றுமை உருபேற்கும்போது வகர உடம்படுமெய் தோன்றி நோவாவை, நோவாவுக்கு என எளிதில் புணர்கின்றன. இலக்கண வரம்பு இவற்றை விலக்கினும் வழக்கு தடையின்றி ஏற்றுக்கொண்டதன் காரணம் இதுவாகலாம்.

பொருள்பெயர்ப்புப் பெயர்கள் விளியில் தனிச்சிறப்புடையன. அருளப்பன், சின்னப்பன் என்பன அன் ஈறு கெட்டு ஆவாகி அருளப்பா, சின்னப்பா என்றாகும். அர் ஈறு புனிதரையும் அன் ஈறு குழந்தையையும் குறிப்பதால், அருளப்பர் என்னும் புனிதரும் அருளப்பன் என்னும் மைந்தனும் ஒரு பெயராலேயே மயக்கமின்றி வேறுபடுகின்றனர். யோவான் என்னும் வடிவில் இவ்வேறுபாட்டை ஈற்றால் காட்ட இயலாது.

ஒப்பொலியும் பொருள் மயக்கமும்

அயற்பெயர் தமிழில் புகுந்தபின் தமிழ்ச் சொற்களோடு உறவு கொள்வதைத் தடுக்க இயலாது. அவ்வுறவு சில பெயர்களில் நலம் பயக்கிறது. நோவா என்பது எபிரேயத்தில் ஓய்வு, ஆறுதல் என்னும் பொருள்களோடு இயைந்தது. தமிழில் அவ்வடிவமே ‘நோவாத’ என்னும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக அமைகிறது. மூலப்பொருளும் தமிழ்ப் பொருளும் தற்செயலாக ஒரே திசையில் நிற்பது இப்பெயர்க்கு வாய்த்த பேறு. மீகா என்பது மீகாமன் என்னும் பழஞ்சொல்லை நினைவூட்டுகிறது. ஆசா என்பது ஆசான் என்பதற்கு ஓரெழுத்தே குறைந்தது.

மாற்கு என்பது இலக்கணம் கற்றார்க்கு வியப்பளிப்பது. மால் என்னும் பெயர் குவ்வுருபு ஏற்கும்போது மாற்கு என்றே புணரும். நற்செய்தியாளர் பெயரும் திருமாலுக்கு உரிய நான்காம் வேற்றுமை வடிவும் எழுத்தளவில் ஒன்றே. ஆங்கில வழியில் மார்க் என இடின், அது பள்ளி மதிப்பெண்ணோடு ஒலியொக்கும். பவுல் என்பதற்கு மாற்றாகப் பால் என இடுவோர் தமிழில் பல்பொருளுடைய ஒரு சொல்லைப் பெயராக்குகின்றனர்.

சில ஒப்பொலிகள் குழந்தையின் பள்ளிப் பருவத்தில் இடர் தருவன. தீத்து என்பது பேச்சு வழக்கில் ‘தீர்த்து’ என்பதன் திரிபு. சேத் என்பதை உகரம் பெய்து சேத்து என எழுதின், அது ‘சேர்த்து’, ‘சேற்று’ என்னும் இரண்டின் பேச்சு வடிவோடும் ஒக்கும். காத் என்பதைக் காத்து எனின், பேச்சு வழக்கில் காற்றாகிவிடும். நாத்தான் என்பது ‘கொடுத்தார்’ என்னும் நற்பொருளுடைய எபிரேயப் பெயராயினும் நாத்தனார் என்னும் உறவுப்பெயரை நினைவூட்டும். சீலா என்பது கடற்கரை ஊர்களில் ஒரு மீனின் பெயர். ஏலி என்பதில் முதலெழுத்து குறுகினால் எலியாகும். உரோமன் எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு தோன்றாமையின் இவ்விடர் இன்னும் மிகும்.

மொழிபெயர்ப்பாளர் இத்தகைய மயக்கத்தை அறிந்திருந்தனர் எனக் கொள்ள இடமுண்டு. தாண் என்னும் குலப்பெயர் டண்ணகரத்தில் முடிகிறது. றன்னகரத்தில் முடிந்திருப்பின் அது தான் என்னும் படர்க்கைப் பெயரோடும் தேற்ற இடைச்சொல்லோடும் மயங்கி, வாக்கியந்தோறும் பொருள் குழம்பியிருக்கும். ஓரெழுத்து மாற்றம் அம்மயக்கத்தைத் தவிர்க்கிறது. இன்று பெயரிடுவோர்க்கும் இதுவே நெறியாகலாம்: பெயரை விலக்குவதற்கு முன் எழுத்தைத் திருத்திப் பார்க்கலாம்.

யூதா என்னும் பெயர் தனித்து நோக்கத்தக்கது. கிரேக்க மூலத்தில் குலத்தந்தை யூதா, திருத்தூதர் யூதா ததேயு, காட்டிக்கொடுத்த யூதாஸ் மூவர்க்கும் ஒரே பெயர். ஆங்கிலம் மூவரையும் மூன்று வடிவங்களால் பிரித்தது. தமிழோ முன்னிருவரை ஒரு வடிவிலும், மூன்றாமவரை சகர, ஸகர ஈறு சேர்ந்த வடிவிலும் வழங்குகிறது. இரண்டெழுத்தும் எளிய ஓசையும் உடைய யூதா என்னும் பெயரைப் பெற்றோர் தயங்கித் தவிர்ப்பதும், ஜூட் என்னும் ஆங்கில வடிவை ஏற்பதும் இவ்வயல் வடிவின் நிழலால் நேர்வதாகலாம்.

உரோமன் எழுத்தும் பெயரும்

தமிழ்நாட்டில் ஒருவரின் பெயர் தமிழிலும் உரோமன் எழுத்திலும் எழுதப்படுகிறது. இரண்டும் ஒன்றையொன்று திருத்துகின்றன. நாத்தான் என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டும் நாதன் என்னும் பெயரைத் தமிழர் உரோமன் எழுத்தில் எழுதும் முறையும் முற்றிலும் ஒன்று. ஆதலால் அப்பெயரைத் தமிழில் மீட்டெழுதுவோர் நாதன் என்றே எழுதக்கூடும். ‘கொடுத்தார்’ என்னும் பொருள் மறைந்து ‘தலைவன்’ என்னும் பொருள் வந்தேறும். குடும்பம் இதனை அறிந்து ஏற்றால் இழப்பில்லை. இரு மரபிலும் பொருளுடைய பெயராகவே அது நிற்கும்.

இதே மாந்தர் பெயர்களைத் தமிழ் முசுலிம்கள் அரபு வழியில் நூஹ், அய்யூப், யூனுஸ், யாகூப், யஹ்யா என வழங்குகின்றனர். யோபு என்பதினும் அய்யூப் என்பதே எபிரேய மூலத்தின் முதலொலிக்கு அணுக்கமானது. ஒரே ஊரில் யோனாவும் யூனுஸும் அண்டை வீட்டினராக வாழ்வதும், இருவரும் ஒரு பெயரினர் என அறியாதிருப்பதும் தமிழ்ச் சூழலில் இயல்பானவை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. விவிலியக் குறும்பெயர்களில் பெரும்பாலானவை தமிழ் விவிலிய மரபிலேயே இரண்டு மூன்று எழுத்தில் அமைந்துள்ளன. குறுமை கருதி ஆங்கில வடிவை நாட வேண்டிய தேவை இல்லை. யகர முதற்பெயர்கள் மூல ஒலிக்கும் நன்னூல் நெறிக்கும் ஒருங்கே பொருந்துவன. லகர, னகர, இகர, உகர ஈற்றுப் பெயர்கள் விளிமரபுக்கு இயைவன. ஆகார ஈற்றுப் பெயர்கள் வழக்கால் இயைந்தவை. ஒப்பொலியால் இடர் நேரும் பெயர்கள் சிலவே; அவற்றுள்ளும் எழுத்துத் திருத்தத்தால் காக்கத்தக்கன உண்டு.

பொருள்பெயர்ப்பு மரபு இன்று தளர்ந்துள்ளது. எனினும் வளன் என்னும் பெயர் காட்டும் வழி அடைபட்டுவிடவில்லை. பெயரிடுவோர் தேர்ந்த பெயரை மூன்று முறை சோதித்துப் பார்க்கலாம்: வீட்டில் உள்ள தமிழ் விவிலியத்தில் அது எவ்வாறு எழுதப்பட்டுள்ளது எனப் பார்த்தல், தெருவில் நின்று உரக்க அழைத்துப் பார்த்தல், உருபு சேர்த்து ஒரு தொடரில் சொல்லிப் பார்த்தல். இம்மூன்றிலும் தேறும் பெயரை ஏந்தும் குழந்தை, பின்னாளில் தன் மொழியில் தன் மறைநூலை வாசிக்கும்போது, அங்குத் தன் பெயரை எவர் உதவியுமின்றி அடையாளம் காணும்.